இரண்டு வருஷத்துப் பணம்

வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் விருந்தாளியாக வந்துபோகிற கம்பிக்காரர், அந்தத் தடவை பதினோராம் நாள் காலையிலும் வீட்டில் இருந்தார். பல் துலக்கினார், முகம் கழுவினார். பழக்கதோஷத்தில் கை கொடிக்கயிற்றுக்குப் போய், பையில் வைப்பதற்காகச் சட்டையை உருவியது. அப்புறம்தான் கிளம்ப வேண்டியதில்லை என்று உறைத்தது. சட்டையைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

மனைவி வெங்காயக் களத்துக்குப் போய்விட்டாள். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். தெருவில் ஆள் அரவம் இல்லை. வீட்டு நாய் எதிரில் குந்திக்கொண்டு அவரையே பார்த்தது. இன்னுமா கிளம்பவில்லை என்று அதற்கும் ஒரு சந்தேகம் இருந்த மாதிரி தெரிந்தது.

தூரத்து நகரங்களில் மாடி மாடியாக எழும்புகிற கட்டடங்களுக்குக் கம்பி வளைத்துக் கட்டுவது அவர் வேலை. கல்யாணமான நாற்பதாம் நாள் போனவர். மகள் பிறந்த செய்தியைப் போனில்தான் கேட்டார். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. இத்தனை வருஷமும் அவர் மாதம் தவறாமல் பணம் அனுப்பினார். மனைவி களத்தில் வெங்காயத் தாள் அறுத்தாள். இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஓர் அறையும் ஒரு சமையல் சாய்ப்பும் உள்ள அந்தத் தகர வீடு ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் உதவிப் பணம் வர ஆரம்பித்தது. ஏதோ ஓர் அமைப்பிலிருந்து இரண்டு பெண்கள் குடை பிடித்துக்கொண்டு வந்து, வீடு வீடாக ஏறி, எத்தனை பேர், எத்தனை வேளை அடுப்பு எரிகிறது, கூரை ஒழுகுமா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அப்புறம் குலுக்கல் போட்டார்கள். தெருவில் பதினொரு வீட்டுக்கு விழுந்தது. இரண்டு வருஷத்துக்கு, மாதம் பிறந்தால் போனுக்குப் பணம் வரும். திருப்பிக் கட்ட வேண்டாம். எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

தெரு இதை நம்பவில்லை.

"சும்மா குடுக்குறவன் சும்மாவா விடுவான்?" என்றார் தையல்காரர். "இன்னிக்குக் காசு குடுப்பான். நாளைக்கு வந்து, ரெண்டு கிட்னி வெச்சிருக்கியே, ஒண்ணைக் குடும்மான்னு நிப்பான் பாரு."

ஒரு வீட்டில் பயந்துபோய்ப் பணமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கம்பிக்காரரின் மனைவிக்கும் பயம்தான். முதல் மாதப் பணத்தை ஒன்பது நாள் தொடாமல், காலையும் மாலையும் போனைத் திறந்து திறந்து பார்த்து அடைகாத்தாள். பத்தாம் நாள் எடுத்துக்கொண்டு போய் மகளுக்குக் கண்ணாடி வாங்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகள் அவளையே உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, உன் மூக்கு மேல தழும்பு இருக்கே!"

"நீ பொறக்குறதுக்கு முன்னாலேர்ந்து இருக்குடி."

இரண்டாம் மாதப் பணம் வந்த அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு, வழக்கம்போல் அவர் கூப்பிட்டபோது, அவள் கேட்டாள்.

"ஏங்க, இதுல வர்றதும் நீங்க அனுப்புறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதாங்க. அப்புறம் எதுக்கு நீங்க அங்க கெடந்து சாகணும்?"

அந்தப் பக்கம் சம்மட்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"வந்துருங்க," என்றாள்.

வந்துவிட்டார்.

வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் அவருக்கென்று இடமே ஒதுக்கியிருக்கவில்லை என்று. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. தாயும் மகளும் படுக்கிற சுவரோரம் அவருக்குப் போனது. மகள் பாயைச் சுருட்டிக்கொண்டு சாய்ப்புக்குப் போனாள். குடிக்கிற தண்ணீர் எந்தக் குடம், கழுவுகிற தண்ணீர் எந்தக் குடம் என்று அவருக்குத் தெரியவில்லை. நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடும்; எழுந்தால் இவர்கள் தூக்கம் கெடும் என்று கூரையைப் பார்த்தபடி கிடப்பார். ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்துவிடுவார். முடித்த கையோடு தட்டைக் கழுவித் துடைத்து, தன் படுக்கையின் தலைமாட்டில் கவிழ்த்து வைத்துக்கொள்வார். மகள் முதல் நாள் அதைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

ஒருநாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தவரிடம் அவள் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"நீங்க எப்பப்பா போவீங்க?"

வருஷா வருஷம் வந்த மறுநாளே கேட்கிற கேள்விதான். அவரும் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்.

"போகலம்மா. இனிமே இங்கதான்."

"ஓ." கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் எங்க உக்காந்து படிக்கிறது? வெளிச்சம் இங்கதான் வரும்."

அவர் எழுந்து இடம் விட்டார்.

டீக்கடைக்குப் போனால், "உனக்கென்னப்பா, உக்காந்த எடத்துல சம்பளம்" என்றார்கள். குலுக்கலில் விழாத வீட்டுக்காரர்கள் சொன்னபோது அதில் சிரிப்பு கொஞ்சமும் இல்லை. போவதை நிறுத்திவிட்டார். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாமல், பழைய கம்பிகளைத் தேடிக் கொண்டுவந்து ஒரு கோழிக்கூடு கட்டினார். முழத்துக்கு ஏழு முடிச்சு.

"கோழிக்குக் கட்டினியா, புலிக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார் தையல்காரர்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் சாயங்காலம் ஏழு மணி. இத்தனை வருஷமும் அந்த அரைமணி நேரம்தான் அவர்கள் குடும்பம் நடத்தியது. என்ன சமைத்தாள், யாரோடு சண்டை, மகளுக்கு எத்தனை மார்க், அங்கே எத்தனையாவது மாடி, எல்லாம் அதில் வந்துவிடும். இப்போது ஏழு மணிக்கு இரண்டு பேரும் விளக்கடியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"அப்புறம்? சொல்லு."

"என்னத்தைச் சொல்ல? நீங்கதான் பாத்துக்கிட்டே இருக்கீங்களே."

அப்படியே நாலைந்து மாதம் ஓடிவிட்டது.

ஒருநாள் அவள் தூக்குவாளியை மறந்து வைத்துவிட்டுக் களத்துக்குப் போய்விட்டாள். உச்சிவெயிலில் அதை எடுத்துக்கொண்டு கம்பிக்காரர் நடந்தார். கிழக்குப் பக்கம் ரோட்டோரம் நீண்ட தகரக் கொட்டகை. அதற்கு முன்னால் அவர் அங்கே போனதில்லை. வாசலில் எடை போடுகிற ஆளிடம் மனைவியின் பெயரைச் சொன்னார்.

"அப்படி யாரும் இல்லையே."

"பத்து வருஷத்துக்கு மேல வர்றாளே. பெரிய தெரு முடிவுல தகர வீடு. கண்ணாடி போட்ட பொண்ணு ஒண்ணு இருக்கு."

"அட, ரேடியோவா! ரேடியோன்னு சொல்லுங்க. உள்ள போங்க, சத்தம் எங்க வருதோ அங்க இருக்கும்."

கொட்டகைக்குள் வெங்காயச் சருகு காற்றில் பறந்துகொண்டிருந்தது. நாற்பது பெண்கள் வரிசையாகக் குந்தி, தாளையும் வேரையும் அறுத்து, பெருவெட்டு, நடுவெட்டு, பொடி என்று மூன்று கூடைகளில் எறிந்துகொண்டிருந்தார்கள். நடுவில் அவர் மனைவி. அரிவாள் ஒரு பக்கம் ஓட, வாய் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. குரல் அவருக்குத் தெரிந்த குரல்தான். ஆனால் அப்படி ஓங்கி, ஏற்ற இறக்கத்தோடு அவர் கேட்டதே இல்லை.

"சாப்பிட்டாச்சா, உடனே தட்டைக் கழுவணும். கழுவி, தொடச்சு, தலைமாட்டுல கவுத்து வெச்சுக்குவாரு. கள்ளன் வந்துருவானாம்! அடேங்கப்பா, வீட்ல இருக்கிறதே மூணு பேரு. திருடுறதா இருந்தா நானும் எம்பொண்ணும்தான் திருடணும்!"

கொட்டகையே குலுங்கியது. ஒருத்தி சிரிப்பு தாங்காமல் அரிவாளைக் கீழே வைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பினூடே கம்பிக்காரரின் மனைவி தலை நிமிர்ந்தாள். வாசல் வெளிச்சத்தில் தூக்குவாளியோடு அவர் நின்றார்.

அவள் வாய் அப்படியே மூடிக்கொண்டது. சிரிப்பு ஒவ்வொருத்தியாக அடங்கியது.

"மறந்துட்டு வந்துட்ட," என்று தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் திரும்பிப் போனார்.

சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது, பாதி வழியில் மதகுச் சுவரில் அவர் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து கூடவே நடந்தார். அவள்தான் ஆரம்பித்தாள்.

"சும்மா சிரிக்கிறதுக்குச் சொன்னதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் எடுத்துக்கல."

"எடுத்துக்கிட்டீங்க. மொகத்தைக்கூடப் பாக்காம திரும்பிட்டீங்க."

அவர் அவள் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டார்.

"மொத வருஷம் எனக்கு ரெண்டு தட்டு காணாமப் போச்சு," என்றார். "ஷெட்டுல முப்பத்தெட்டு பேரு. தட்டு இல்லன்னா அடுத்தவன் தின்னு முடிக்கிற வரைக்கும் நிக்கணும். அவன் முடிக்கிறதுக்குள்ள சோறு தீந்துரும். அப்படிப் பழகினதுதான்."

"போன்ல ஒருநாளும் சொன்னதில்லையே."

"அதெல்லாமா போன்ல சொல்லுவாங்க?"

"ராஜ சாப்பாடுன்னீங்க."

"சொன்னேன்."

"கூட இருக்கிறவங்கல்லாம் அண்ணன் தம்பி மாதிரின்னீங்க."

"அதுல ரெண்டு பேரு அப்படித்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் மட்டும் என்ன யோக்கியமா? கூரை ஒழுகலைன்னு சொன்னேன். மூணு மழைக்காலம் பானை வெச்சுப் பிடிச்சோம்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ பேசறப்ப பானைக்குள்ள சொட்டுச் சொட்டா விழுறது கேக்கும்."

அவள் நின்றுவிட்டாள். பிறகு தலைச்சீலையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

"அங்க அவ்வளவு பேசற. எனக்குத் தெரியவே தெரியாது, நீ அப்படிப் பேசுவேன்னு," என்றார் அவர்.

"அங்க பேசலன்னா பொழுது போகாது."

"வீட்ல?"

ரோட்டில் ஒரு லாரி கடந்து போகும்வரை ஓரமாக நின்றார்கள்.

"நீங்க அங்க இருந்தப்ப நான் தனியா இருந்தேன். ஏன்னு கேட்டா, காசு இல்ல, அதான் அவரு தூரத்துல இருக்காருன்னு மனசுக்குச் சொல்லிக்குவேன். இப்பக் காசு வருது. நீங்களும் வந்துட்டீங்க. ஆனா எனக்கு அப்படியேதாங்க இருக்கு. இப்ப எதைச் சொல்லி மனசைத் தேத்திக்கிறதுன்னு தெரியல."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றார் கம்பிக்காரர். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. "அப்ப இன்னொண்ணையும் சொல்லிடறேன். எங்க களத்து மேஸ்திரியம்மா துறைமுகத்து வெங்காயக் கொட்டகைக்கு ஆள் கூப்பிடறாங்க. மூணு மாசம், தங்கி வேலை. வருஷா வருஷம் கூப்பிடுவாங்க. பொண்ணை யாரு பாத்துக்கிறதுன்னு நான் மாட்டேம்பேன். இந்த வருஷம் என்ன சொல்றதுன்னு தெரியாம நிக்கறேன்."

"அதான் மாசாமாசம் காசு வருதே?"

"காசுக்குன்னா போன வருஷமே போயிருக்கணும்."

"பின்ன எதுக்கு?"

"கேட்டா சொல்லத் தெரியல. நான் அந்த பஸ் ஸ்டாண்டைத் தாண்டினதே இல்லைங்க. நீங்க ஒவ்வொரு வருஷமும் பையைத் தூக்கிட்டுப் போறப்ப, கூட அழுதுகிட்டே நிப்பேன். ஆனா அந்த பஸ்ஸு எங்கெல்லாம் போகும்னு ஒரு பக்கம் நெனப்பு ஓடும்."

"நான் வந்தேன். நீ போற."

"நீங்க வந்ததாலதான் போக முடியுது."

இரண்டு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம், "பொண்ணுகிட்ட நீயே சொல்லிடு" என்றார்.

மகள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீயுமா?" என்றாள். அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு நாலு நாள் இருந்தது. எந்தக் குடம் எதற்கு, அடுப்பில் எந்தப் பக்கம் தீ எடுக்கும், நாய்க்கு எப்போது சோறு என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். தலை பின்னுவதுதான் தகராறு. கட்டுக்கம்பி முறுக்கிய விரல்கள்.

"அப்பா! வலிக்குது! தூணா கட்டறீங்க?"

"அவுந்துறக் கூடாதுல்ல."

"சாயங்காலம் நான் அவுக்கணும்ல!"

தெருவில் செய்தி பரவியது. டீக்கடையில் ஒருவன் சத்தமாகவே சொன்னான், "காசு வந்துச்சு, புருஷன் வந்தான், பொண்டாட்டி ஓடறா." கம்பிக்காரர் அன்று பால் வாங்கப் போயிருந்தார். பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "நான் பதிமூணு வருஷம் போயிருந்தேன். அப்ப ஓடிட்டான்னு யாருமே சொல்லலையேப்பா" என்றார். பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

விடிகாலையில் வேன் வந்தது. உதவிப் பணம் அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால் போனை வீட்டிலேயே வைத்துவிட்டாள். மகள் சாய்ப்பை விட்டு வெளியே வரவில்லை. அவர் பையை ஏற்றிவிட்டு, கதவைச் சாத்தினார். வேன் நகர்ந்தது.

துறைமுகத்துக் கொட்டகை ஊர்க் கொட்டகையைப்போல் ஐந்து பங்கு. வெங்காயம் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். கப்பல் கிளம்புகிற தேதிக்குள் முடித்தாக வேண்டும். காற்று எப்போதும் ஈரமாக வீசியது. துணி காயவே இல்லை. இருநூறு பெண்கள், எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஒவ்வொரு ஊர்க்காரர்களும் தங்களுக்குள்ளேயே சேர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் ஊரிலிருந்து வந்த மற்ற நாலு பேரை மேஸ்திரியம்மா கிழிந்த சாக்குத் தைக்கிற பக்கம் அனுப்பிவிட்டாள். முதல் வாரம் அவள் வாயே திறக்கவில்லை. ஒருமுறை எடைக்காரன் நடையைப் பார்த்து ஒரு வேடிக்கை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்தில் யாரிடம் சொல்வது என்று விழுங்கிவிட்டாள். கடலைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு வந்தாள். நடுவில் பெரிய சுவர் இருந்தது. கப்பல் ஊதுவது மட்டும் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியம்மாவின் போனுக்காக வரிசையில் நின்றாள். ஆளுக்கு ஐந்து நிமிஷம்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

"நல்லதா ஒண்ணும் இல்ல. சொல்லட்டுமா?" என்றார் கம்பிக்காரர்.

"சொல்லுங்க."

"பருப்பு ரெண்டு நாளா அடிப்பிடிக்குது. நாய் எனக்குப் பக்கத்துலயே வர மாட்டேங்குது. பொண்ணு மூணு நாளா என்கூடப் பேசல. அழுதிருக்கா, கண்ணு வீங்கியிருக்கு. என்ன கேக்கறதுன்னு தெரியாம நானும் பேசல." பிறகு கேட்டார், "உனக்கு எப்படி?"

ராஜ சாப்பாடு என்று சொல்லத்தான் வாய் போனது. பின்னால் நின்ற பெண் தோளைத் தொட்டு அவசரப்படுத்தினாள்.

"யாருமே இல்லாத மாதிரி இருக்குங்க," என்றாள்.

"ம்," என்றார் அவர். "அப்படித்தான் இருக்கும். மொதல்ல அப்படித்தான் இருக்கும்."

அடுத்த ஞாயிறு மகள் பேசினாள். அப்பா போடுகிற ஜடை இப்போது பரவாயில்லை என்றாள். பருப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம், மழை அடித்துப் பெய்த ஒரு பகலில், அவளுக்குப் பக்கத்தில் வயதான ஒரு பெண் வந்து குந்தினாள். வேறு ஊர்க்காரி, பல்லில் ஒன்று இல்லை, கை மட்டும் படுவேகம். ஒரு கூடை நிறைகிற வரைக்கும் பேசாமல் இருந்துவிட்டு, அறுத்தபடியே கேட்டாள்.

"வீட்டுக்காரர் இருக்காரா?"

"இருக்காரு."

"என்ன பண்றாரு?"

"பொண்ணைப் பாத்துக்கிறாரு."

கிழவியின் கை நின்றது. "குடிப்பாரோ?"

"இல்லக்கா."

"அடிப்பாரோ?"

"ஐயோ, இல்ல."

"கையில காசு இல்லையோ?"

"மாசம் ஒரு பணம் வருதுக்கா. இன்னும் பதினாறு மாசத்துக்கு வரும்."

"அப்புறம் இங்க வந்து ஏன்டி குந்தியிருக்க?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். நாற்பதாம் நாள் அவர் போனது, ஏழு மணிப் போன், பானையில் விழுந்த சொட்டு, கோழிக்குக் கட்டிய புலிக்கூண்டு, தூக்குவாளியோடு வாசலில் நின்றது, எல்லாவற்றையும் சொன்னாள். சிரிக்க வைக்க வேண்டும் என்று எதையும் கூட்டிச் சொல்லவில்லை; சில இடங்களில் தானே சிரிப்பு வந்தது. மழைச் சத்தத்தில் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அந்தப் பெண் ஒன்றும் குறுக்கே கேட்காமல் அறுத்துக்கொண்டே கேட்டாள். மூட்டை நிறைந்தது. வாயைத் தைக்கக் கோணி ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டு கிழவி கேட்டாள்.

"அவரை உனக்குப் பிடிக்குமா?"

அவளிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மூன்று வெங்காயம் அறுத்தாள். நாலாவதை வேர்ப்பக்கம் மட்டும் அறுத்துவிட்டுக் கையில் வைத்திருந்தாள்.

"கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷம் ஆச்சுக்கா. ஆனா நாங்க சேந்து இருந்த நாளையெல்லாம் கூட்டிப் பாத்தா ஒரு வருஷம்கூட வரல," என்றாள். "இனிமேதான் தெரியணும்."

"தெரிஞ்சுக்கறதுக்கு இங்க வந்தியாக்கும்?"

"திரும்பிப் போய்த்தான் தெரிஞ்சுக்கணும்."

கிழவி தைத்து முடித்துச் சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு காது பிடித்து மூட்டையைத் தள்ளி வைத்தார்கள். அடுத்த குவியலை அவர்கள் முன்னால் கொட்டிவிட்டுப் போனான் ஒருவன். இன்னும் அறுபத்தெட்டு நாள் இருந்தது. அவள் கால்களை மாற்றிப் போட்டுக் குந்திக்கொண்டு, அரிவாளை எடுத்தாள்.